இடது கண்

வெல்டரின் முகத்தைக் கொழுந்தியாள் பென்சிலால் வரையத் தொடங்கிய பிறகுதான் அவர் கண்ணாடிப் பக்கம் அடிக்கடி போனார்.

படம் மறுநாள் கண்காட்சித் தேர்வுக்குப் போகவேண்டும். எடுத்துக்கொண்டால் அவள் ஓவியர். இல்லாவிட்டால் வீட்டில் சும்மா கிறுக்கிக்கொண்டிருப்பவள்.

இடது கண் அபாரமாக வந்திருந்தது. ஈரம்கூடத் தெரிந்தது. கருவிழிக்குள் ஜன்னல் சின்னதாக வெளுத்து நின்றது. வந்தவர்களுக்கெல்லாம் வெல்டர் அதைத் தன் சொந்தச் சம்பாத்தியம் போலக் காட்டினார்.

மத்தியானம் அவள் படத்தைத் தூக்கிக்கொண்டு பீரோக் கண்ணாடி முன் போனாள்.

"அதுக்கும் பவுடர் போடணுமா?" என்றார்.

"நேரா பார்த்துப் பார்த்து பழகிப்போச்சு மாமா. கண்ணாடியில திருப்பிப் பார்த்தாதான் தப்பு தெரியும்."

அவருக்கே தெரிந்தது. அந்த அழகான கண் மற்றதைவிட மேலே ஏறியிருந்தது. முகம் யாரோ ஒருவருடையதாக இருந்தது.

"நூலளவுதானே. எவன் அளக்கப் போறான்? வேணும்னா மூக்கைத் திருத்து, வாயைத் திருத்து. அந்தக் கண்ணை விட்டுடு தாயி."

"மூக்கும் வாயும் அதது இடத்துல இருக்கே."

மாவு போல மெத்தென்றிருந்த ரப்பரை உருட்டிக் கண்ணின் மேல் அமுக்கி எடுத்தாள். மறுபடி அமுக்கி எடுத்தாள். தேய்க்கவில்லை, தேய்த்தால் தாள் வழவழத்துப்போய்ப் பென்சில் பிடிக்காது. நாள்கணக்கில் வரைந்த கண் கொஞ்சம் கொஞ்சமாக ரப்பரோடு வந்தது. அவள் முகத்தில் சலனமே இல்லை.

பார்வைக்கு நன்றாக இருக்கும் பற்றவைப்பை வெட்டி எறிய வெல்டருக்கு என்றைக்கும் மனம் வந்ததில்லை. அவள் கேட்காமலே ஸ்டூலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆடாதீங்க மாமா."

"மூச்சு விடலாமா?"

"அளவா விடுங்க."

வெயில் சாய்வதற்குள் முடித்தாள். புதுக் கண்ணில் பழைய பளபளப்பு இல்லை. இமை கொஞ்சம் கனத்து, ஓரம் இடுங்கியிருந்தது.

அவர் மனைவி ஈரக் கையோடு வந்தாள். "அடிப்பாவி, அந்தக் கண்ணு எங்கடி?" என்றவள், படத்தின் அருகே போய் உற்றுப் பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கண்ணு வலிக்குதுன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

வெல்டர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. கொழுந்தியாளைப் பார்த்தார். அவள் குனிந்து படத்தின் மூலையில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.