வாசனை தெரியுதா?

பொய் சொன்னேன். அதுவும் டாக்டரிடமே சொன்னேன்.

மூக்கடைப்பு என்று போனேன். திருவொற்றியூர் மூக்கு டாக்டர் என் மூக்கினுள் கேமராக் குழாயை விட்டு டிவியில் காட்டினார். இரண்டு பக்கமும் உரித்த திராட்சை போலச் சதை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கேன்சர் இல்லம்மா, வெறும் சதைதான்" என்றார். முதலில் ஸ்ப்ரே, தினமும் காலை மாலை, மூன்று மாதம். அடங்காவிட்டால் கொஞ்ச நாள் மாத்திரை. அதற்கும் மசியாவிட்டால் மூக்குத் துளை வழியாகவே ஆபரேஷன். வெளியில் தையல் கிடையாது. அப்புறமும் திரும்ப வளரலாமாம்.

"வாசனை தெரியுதா?"

"நல்லா தெரியுது சார்."

தெரியவில்லை என்றால் உடனே கத்தியை எடுப்பார் என்று பயம். "மூக்குல கைய வெச்சாங்கன்னா அப்பால மோப்பமே பூடும்" என்று பக்கத்துக் கூடைக்காரி கோவிந்தம்மா சொல்லியிருந்தாள். இருபது வருஷமாகக் காசிமேட்டு ஏலத்தில் செவுளைத் தூக்கி முகர்ந்துதான் மீன் எடுக்கிறேன். மூக்கு போனால் இந்தக் குணசுந்தரி எதற்கு?

ஸ்ப்ரேயையும் தைலம் மாதிரி, அடைத்த அன்றைக்கு மட்டும் அடித்தேன். ஏலத்தில் கண்ணை நம்பினேன். ஐஸில் கிடந்த பழைய மீனை என் தலையில் கட்டுவது எத்தனை சுலபம் என்று அப்போது உறைக்கவில்லை.

போன சனிக்கிழமை ரோஸ்மேரி டீச்சர் வீட்டில் சங்கரா மீன் கொடுத்துவிட்டுத் தெருமுனை வரை போனவள், தராசை மறந்துவிட்டுத் திரும்பினேன். டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, நான் கொடுத்த மீனை முருங்கை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்ததே கோபம். "இன்னா டீச்சர் இது? மீனு இன்னா பாவம் பண்ணுச்சு?"

அவர் வெலவெலத்துப் போனார். "ஒரு மாசமா நாறுது, குணா. தெருவே வாங்கித் தூக்கிப் போடுது. உன் மூஞ்சியப் பாத்து எப்டி சொல்றது?"

குழியிலிருந்து மீனை எடுத்தேன். செவுளைத் தூக்கி முகர்ந்தேன். ஒன்றுமில்லை. வயிற்றைக் கிழித்து முகர்ந்தேன். டீச்சர் குமட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். எனக்கு ஒன்றுமே இல்லை. தூக்கிப் போடாமல் எத்தனை வீட்டில் பிள்ளைகளுக்குக் குழம்பு வைத்தார்களோ?

கூடையை அங்கேயே போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடினேன். டோக்கனும் வாங்கவில்லை, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"போன தபா ஒரு கேள்வி கேட்டியே சார், வாசனை தெரியுதான்னு. அத்த இன்னொரு தபா கேளு."