நான் சேர்த்த பதினெட்டு வளைவுகள்

1

திட்டம் போட்டு மலையேறியவன் எவனும் இதுவரை மலையைப் பார்த்ததில்லை. இந்த உண்மையைக் கண்டுபிடிக்க மனிதகுலத்துக்கு இத்தனை நூற்றாண்டுகள் ஆனது வருத்தம்தான். என் பத்தொன்பதாவது வயதிலேயே நான் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டதால் மன்னித்துவிடலாம்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன். கல்லூரி ஆண்டுமலரில் எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். என்னிடம் விஷயம் இல்லை. நண்பன் இருந்தான். எழுதுகிறவனுக்கு நண்பன் என்பவன் வெங்காயம் மாதிரி, உரிக்க உரிக்க— (இதை முடிக்கத் தெரியவில்லை. அப்படியே கிடக்கட்டும்.)

வகுப்பில் அவனுக்கு 'அட்டவணை' என்று பெயர். மலை உச்சி ஏரிக்குப் பைக்கில் போய்வர அவன் ஓர் அட்டவணை தயாரித்திருந்தான். கிளம்புவது சனிக்கிழமை காலை ஆறு மணி. பெட்ரோல் எங்கே, டீ எங்கே, எல்லாம் இருந்தது. 'காட்சியை ரசித்தல்: 12 நிமிடம்' என்றுகூட ஒரு கட்டம். அதன் கீழே கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: இடமா வலமா, ஓரத்தில் நிற்க இடம் உண்டா. மொத்தம் இருபத்திமூன்று.

மலைப்பாதையில் வளைவை எண்ணுகிறவன் கல்யாண வீட்டில் செருப்பை எண்ணுகிறவனுக்குச் சமம் என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

2

தொடக்கம் ஒன்று: "மலை அழைத்தது." (மலை யாரையும் அழைக்காது. அடித்தாயிற்று.)

தொடக்கம் இரண்டு: "பைக்கின் உறுமலில் பள்ளத்தாக்கு அதிர்ந்தது." (அவன் பைக் உறுமாது. இருமும்.)

தொடக்கம் மூன்று, நடந்தது நடந்தபடி:

"மச்சான், பதினோராவது வளைவுல 'குட்டிச்சுவர் உண்டு'ன்னு போட்டிருக்கியே. அதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போற?"

"அதுல உக்காரலாம்டா."

"யாரு?"

"யாராவது."

இந்த இடத்தில் நல்ல எழுத்தாளன் அந்த 'யாராவது'வைப் பிடித்துக்கொண்டிருப்பான். நான் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

அடுத்த வேலை இது. அட்டவணையை எனக்கும் அனுப்பி, திருத்தும் உரிமையும் கொடுத்திருந்தான், நம்பிக்கையோடு. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன், சனிக்கிழமை மத்தியானம் அதற்குள் புகுந்து பதினெட்டு வளைவுகளைச் சேர்த்தேன். ஓர் ஓரமாக ஒட்டவில்லை. ஊடே ஊடே. ஒன்றுக்கு மரநிழல், ஒன்றுக்கு மைல்கல், ஒன்றுக்கு 'கீழே ஓடை தெரியும்'. இருபத்திமூன்று நாற்பத்தொன்றானது. தன் அட்டவணையைத் தானே படிக்காதவன் என்று கதையில் அவனை நிறுத்திவைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ஞாயிறு காலைவரை அவன் கவனிக்கவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

3

(உங்களிடம் ஒரு பாத்திரத்தை மறைத்துவிட்டேன். அவள் வந்தால் நகைச்சுவை கெட்டுவிடும் என்று முதல் பிரதியிலேயே விட்டுவிட்டேன். இனி மறைக்க முடியாது.)

அவனுக்கு ஓர் அக்கா. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் இதே மலைப்பாதையில், இதே பைக்கில், அவன் ஓட்ட, அவள் பின்னால் உட்கார்ந்து போனாள். ஒரு வளைவில் மணல். அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்குக் கணுக்காலில் இரண்டு அறுவைச் சிகிச்சை. ஏரியை இருவரும் பார்க்கவில்லை. அதன் பிறகு அவள் எந்தப் பைக்கிலும் ஏறவில்லை.

இவ்வளவும் எனக்குத் தெரியும். அட்டவணை யாருக்காக என்பதுதான் தெரியாது.

ஞாயிறு காலை அவர்கள் குடியிருப்புக்குப் போனேன். கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் பைக் நின்றபடியே இருந்தது. அவன் முன்னால், இரண்டு காலையும் தரையில் ஊன்றியபடி. அக்கா பின்னால், ஹெல்மெட்டோடு, கண்ணை மூடிக்கொண்டு. அவன் வண்டியை வலப்பக்கம் சாய்த்தான். "பத்தொம்பது," என்றாள். இடப்பக்கம். "இருபது." அவன் சட்டையை அவள் பிடித்திருந்த பிடியில் ஒரு பொத்தான் ஏற்கனவே போயிருந்தது. மூன்று வாரமாகத் தினமும் இது நடக்கிறதாம்.

இருபத்திமூன்றில் கண்ணைத் திறந்தாள். "பரவாயில்லடா. இன்னைக்கு நடுவுல நிறுத்தச் சொல்லல." அடுத்த சுற்றுக்கு முன் ஃபோனில் அட்டவணையைத் திறந்தாள். மேலே தள்ளினாள். கீழே தள்ளினாள்.

"டேய், இருபத்திமூணுன்னுதானே சொன்ன?"

"ஆமாக்கா."

"இதுல நாப்பத்தொண்ணு இருக்கு."

அவன் வாங்கிப் பார்த்தான். மேலிருந்து ஒவ்வொரு வரியாக எண்ணத் தொடங்கினான்.

"எங்க லேப்ல ஒரே ரத்தத்தை ரெண்டு தடவ பார்த்து ரிசல்ட் இவ்வளவு மாறினா என்ன செய்வோம் தெரியுமா? மிஷினை நிறுத்திடுவோம்." இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினாள். "நீ போயிட்டு வா. ஏரியை ஃபோட்டோ எடுத்துட்டு வா."

"நான்தான்க்கா சேர்த்தேன்," என்றேன். "சும்மா... ஒரு கதைக்காக."

என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தக் கதையில நான் இருக்கேனா?"

"இல்லக்கா."

"அப்ப எனக்கு எதுக்குப் பதினெட்டு வளைவு?"

படியேறிப் போனாள். ஒரு கால் இன்னொரு காலுக்குக் கொஞ்சம் பிந்தி வந்தது. அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் குனிந்து தரையில் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான்.

4

முடிவு ஒன்று: அக்கா சிரித்துவிட்டுப் பைக்கில் ஏறுகிறாள். (எழுதிப் பார்த்தேன். ஹெல்மெட் விளம்பரம் மாதிரி இருந்தது.)

முடிவு இரண்டு: அவன் தனியாகப் போய் ஏரியைப் பன்னிரண்டு நிமிடம் பார்க்கிறான். (எழுதினேன். படிக்க முடியவில்லை.)

முடிவு மூன்று: இதற்கெல்லாம் காரணமான எழுத்தாளன் மனம் வருந்தி— (அவன் வருந்தி யாருக்கு என்ன லாபம்?)

முதலில் பதினெட்டையும் நீக்கியாக வேண்டும். எவை என்னுடையவை என்று எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் மரமும் ஓடையும் வைத்திருந்தேனே. சொந்தக் கற்பனை வளத்தை அன்றுதான் முதல்முறையாக நொந்துகொண்டேன். செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, விரலை வைத்து, ஒவ்வொரு வளைவாக ஏறினேன்.

இருபத்துநான்கு வந்தது. மறுபடி எண்ணினேன். இருபத்துநான்கு.

பொய்களை நீக்கியதும் விஷயம் தெரிந்தது. கொண்டை ஊசி வளைவுகள் இடம், வலம், இடம், வலம் என்றுதான் போகும். அவன் அட்டவணையில் பதினாறும் வலம், பதினேழும் வலம். நடுவில் ஓர் இட வளைவு இல்லை. அவனைக் கூப்பிட்டேன்.

"மச்சான், ஒண்ணு விட்டுட்ட."

"விடலடா."

"பதினாறுக்கு மேல இடப்பக்கம் ஒண்ணு—"

"தெரியும். அங்கதான் விழுந்தோம். அதை டைப் பண்ண முடியல."

"அவங்க எண்ணிட்டே வருவாங்கடா. வழியில இருபத்துநாலு வந்தா?"

"என்னால முடியலடா. நீ போடு."

5

இந்த மலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அவர்கள் கிளம்ப வேண்டியது சனிக்கிழமை. ஆகவே அக்கா ஏறினாளா என்று என்னைக் கேட்காதீர்கள். நீங்கள் இதைப் படிக்கும்போது அது நடந்து முடிந்திருக்கும், அல்லது நடக்காமலேயே முடிந்திருக்கும். இரண்டில் ஒன்றை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லி அவள் இனி எதையும் நம்பப் போவதில்லை. நீங்கள் நம்பினாலும் எனக்குக் கொஞ்சம் ஆச்சரியம்தான்.

வியாழக்கிழமை வகுப்புக்கு மட்டம் போட்டேன். முதல் பஸ்ஸில் மலையேறினேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கோடு போட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் "சர்வேயா தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். பதினேழில் இறங்கிக்கொண்டேன். திரும்பி வந்து அட்டவணையைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன்:

வளைவு 17. இடம். இரண்டு வருடத்துக்கு முன் விழுந்தது இங்கே. இன்று மணல் இல்லை, கையால் தடவிப் பார்த்தாயிற்று. வளைவுக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்ளலாம், ஓரத்தில் நடக்க இடம் உண்டு. நடக்க: 4 நிமிடம். மெதுவாக நடந்தால்: 9.