ஒரு கார் இடைவெளி

சட்சுகிக்குக் காலையிலிருந்து ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கூடாரத்துக்குள் வருவாள், டயரைத் தொட்டுப் பார்ப்பாள், திரும்ப வெளியே போவாள். மெக்கானிக் ஒகாபே கொடுத்த சோற்று உருண்டையை ஒரு கடி கடித்து எங்கேயோ வைத்துவிட்டாள்.

"கால்ல சக்கரத்தைக் கட்டிக்கிட்டு வந்தியாம்மா? செத்த உக்காரேன்."

"உக்காந்தா இன்னும் மோசமா இருக்குண்ணே."

இருக்காதா பின்னே? டிரிஃப்ட் கார் பந்தய சீசனின் கடைசிப் போட்டி. இந்த ஒரு மோதலில் ஜெயித்தால் அடுத்த வருஷமும் முதல் பிரிவில் ஓட்டலாம். தோற்றால் கீழ்ப் பிரிவு. நாய் படாத பாடு பட்டு மேலே வந்தவள் அவள். இறங்கினால் மறுபடி ஏறுகிற வயதில்லை. அதற்கு மேல், எதிராளி யார் என்றால் ஷிங்கோ. தகுதிச்சுற்று அவனைத்தான் கொண்டுவந்து அவள் தலையில் கட்டியது.

ஷிங்கோவும் அவளும் ஊரில் ஞாயிறுதோறும் சேர்ந்து பயிற்சி செய்தவர்கள். டிரிஃப்டில் முன்னால் போகிறவர் காரைக் குறுக்காக வழுக்கவிட்டு வளைவுக்கு வளைவு பக்கம் மாற்றித் திருப்பிக்கொண்டு போவார். பின்னால் துரத்துகிறவர் அதே சாய்வில், அவர் கதவை உரசுகிற மாதிரி ஒட்டிக்கொண்டே போகவேண்டும். நெருக்கத்துக்குத்தான் மதிப்பெண். பிறகு இடம் மாற்றிக்கொண்டு இன்னொரு ஓட்டம். டயர் புகையில் முன்னால் இருக்கிற கார் கண்ணுக்கே தெரியாது. அந்த ஆளை நம்பித்தான் ஒட்டவேண்டும். ஷிங்கோவை அவள் அப்படித்தான் நம்பினாள், கோடை வரைக்கும்.

கோடையில், பனியில்லாமல் காலியாகக் கிடந்த பனிச்சறுக்கு மலையின் வண்டி நிறுத்துமிடத்தில் சீசனின் ஒரு சுற்று நடந்தது. அன்றைய பயிற்சியில் முன்னால் போன ஷிங்கோவின் கார் திடீரென்று வேகம் குறைந்தது. சட்சுகி போய் மோதினாள். காரின் முகமே போயிற்று, போட்டியும் போயிற்று. எஞ்சினுக்குக் காற்றுத் தள்ளுகிற டர்போ குழாய் கழன்றுகொண்டது என்றான். சரி என்றாள். பாழாய்ப்போன மனசு மட்டும் சரி என்று சொல்லவில்லை. ஏதேதோ சாக்குச் சொல்லி, அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

மதியம் ஷிங்கோவே இரண்டு டப்பா காபியோடு வந்து நின்றான்.

"என்ன, என்னைக் கண்டா டயருக்குப் பின்னாடி ஒளியற?"

"வேலை கெடக்கு."

"மூணாவது வளைவுல நம்ம ஊர்ல போற மாதிரியேதான் போவேன். தைரியமா ஒட்டிக்க."

ஒரு டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டான். எதிராளி தன் வழியை முன்கூட்டியே சொல்லுவானா? எதற்குச் சொல்கிறான்?

"என்னவாம்?" என்றார் ஒகாபே.

"எப்படிப் போவேன்னு சொல்லிட்டுப் போறான்."

"நல்ல புள்ளதானே."

"அதான்ணே பயமா இருக்கு."

காபி அப்படியே ஆறிப்போனது.

முதல் ஓட்டத்தில் ஷிங்கோ முன்னால். இரண்டு வளைவும் அவன் கதவோரமாகவே போனாள். கூட்டம் ஆர்ப்பரித்தது. மூன்றாவது வளைவில் புகை கண்ணாடியை மூடியது. இப்போது அவன் நிறுத்தினால்? அவ்வளவுதான், கால் தானாக ஆக்ஸிலேட்டரிலிருந்து எழும்பியது. கண் இமைக்கிற நேரம்தான். புகை விலகியபோது ஷிங்கோ சொன்ன இடத்தில், சொன்ன மாதிரியே போய்க்கொண்டிருந்தான். நடுவில் ஒரு கார் புகுகிற அளவுக்கு இடைவெளி.

இரண்டாவது ஓட்டத்தில் அவள் முன்னால். ஷிங்கோ ஒட்டினான் பாருங்கள், அவள் கதவுக்கும் அவன் பம்பருக்கும் நடுவே கைகூட நுழையாது. அதே மூன்றாவது வளைவு, அதே புகை. இங்கே அவள் காலைத் தூக்கினால் அவன் கதி அதோகதி. கோடைக்குப் பதில் கொடுக்க நினைத்தால் கொடுத்துவிடலாம். அது தெரியாதவனா அவன்? தெரிந்தும் ஒரு விரற்கடை விலகவில்லை. சட்சுகி மிதித்த காலை எடுக்காமல் ஓட்டி முடித்தாள்.

நடுவர்கள் யோசிக்கவே இல்லை. ஷிங்கோ ஜெயித்தான்.

ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நேராக அவளிடம் வந்தான். முகத்தில் ஜெயித்த களையே இல்லை.

"மூணாவது வளைவுல ஏன் ஒட்டி வரல?"

புகை என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை.

"கோடையில நீ வேணும்னுதான் வேகத்தைக் கொறச்சேன்னு நெனச்சேன்."

"இத்தனை மாசமாவா?"

"ம்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சட்சுகி."

அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவன் காரைப் பார்த்தாள். கதவில் அவளுடைய பம்பர் உரசி உரசி விழுந்த பழைய கீறல்கள் அப்படியே இருந்தன. அவற்றின் மேல் அவன் பெயின்ட் அடித்ததே இல்லை.

"ஞாயித்துக்கிழமை வரட்டுமா?" என்றாள்.

ஷிங்கோ ஹெல்மெட்டின் வாரை மடித்து மடித்துப் பிரித்தான்.

"வா. ஆனா இனிமே நீயே முன்னாடி போ. நான் பின்னாடி வரேன்."

கோபமில்லாமல்தான் சொன்னான், இனி அவனை நம்பி அவள் ஒட்டவேண்டியதில்லை என்று. கீழ்ப் பிரிவுக்கு இறங்குவதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். இதைத்தான் தாங்க முடியவில்லை.