பாஸ்போர்ட்டில் இரண்டு கண்ணாத்தாள்

"இது நீ இல்லை" என்றார் சிரஸ்தார்.

சேலம் கலெக்டர் ஆபீஸில் சனிக்கிழமை காலை, மணி பதினொன்று. மேஜை மேல் நீல அட்டை போட்ட புத்தம் புதுப் பாஸ்போர்ட்டு விரிந்து கிடந்தது. அதில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு பெண்; நடு வகிடு, எண்ணெய் மினுமினுப்பு, கழுத்துக்குப் பின்னால் இரண்டு கையாலும் பிடிக்க முடியாத கொண்டை.

எதிரே நின்ற கண்ணாத்தாளின் தலையில் சந்தனத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"நானேதானுங்க" என்றாள்.

"பேர்?"

"கண்ணாத்தாளுங்க. ஊரு பரமத்தி வேலூரு."

"புருஷன் பேர்?"

கண்ணாத்தாள் பக்கத்தில் நின்ற மாமனாரைப் பார்த்தாள். புருஷன் பேரை அவள் வாயால் எப்படிச் சொல்வது? அப்புசாமி முந்திக்கொண்டார். "சண்முகவேலுங்க. என்ற மவன். மலாய் நாட்டுல, ஈப்போவுல லாரி ஓட்டறானுங்க."

"பேரும் ஊரும் யார் வேண்டுமானாலும் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வரலாம்" என்றார் சிரஸ்தார். கெட்ட மனிதர் அல்ல. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார். "சண்டை ஆரம்பித்ததிலிருந்து சட்டம் இறுகிவிட்டது, பெரியவரே. படமும் ஆளும் ஒத்துப்போக வேண்டும். இங்கே நான் பார்ப்பேன். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது பார்ப்பார்கள். பினாங்கில் இறங்கும்போது வெள்ளைக்காரன் பார்ப்பான். போன மாதம் அக்காள் பாஸ்போர்ட்டில் தங்கை ஒருத்தி போய், அங்கே இறங்கவிடாமல் அதே கப்பலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தப் பெண்ணுக்கும் அந்தக் கதி வர வேண்டுமா?"

"வேற படம் எடுத்துக் குடுக்கறமுங்க."

"குடுங்கள். மெட்ராஸுக்கு எழுதுகிறேன். மூன்று வாரத்தில் பதில் வரும்."

மூன்று வாரம்! கப்பல் திங்கட்கிழமை புறப்படுகிறது. நாகப்பட்டினத்துக்கு ரயில் இன்று சாயங்காலம். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது, அதில் பொம்பளைகளை ஏற்றுவார்களா என்று கப்பல் கம்பெனிக்காரனுக்கே தெரியாது. கல்யாணம் ஆன நாற்பதாம் நாள் போனவன் சண்முகவேல். நாலு வருஷம் ஓடிவிட்டது. இப்போதுதான் அங்கே ஒரு வீடு பார்த்து, பாத்திரம் வாங்கி வைத்து, வா என்று எழுதியிருந்தான்.

"ஒரு மணிக்கு ஆபீஸ் பூட்டிவிடுவோம்" என்று சொல்லிவிட்டு சிரஸ்தார் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் அப்புசாமி தலையில் அடித்துக்கொண்டார். "நாந்தான் பாவி! நாந்தான்!"

அதில் பொய் ஒன்றுமில்லை. முழுக் குற்றமும் அவருடையதுதான்.

ஏழு மாதம் முன்னால் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டார்கள். அது முன்சீப்பிடம் போயிற்று, போலீஸ் விசாரணைக்கு வந்தது, மெட்ராஸுக்குப் போயிற்று, போனது போனதுதான். ஒரு நாள் காலையில் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த அப்புசாமி, கபிலர்மலை இருந்த திசையைப் பார்த்து உரக்க வேண்டிக்கொண்டார். "முருகா, உனக்குக் குடுக்க என்ற தலையில ஒண்ணும் மிச்சமில்லை. பாசுபோட்டு வந்ததும் என்ற மருமவ முடியை எடுத்துக்கோ."

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள் கண்ணாத்தாள். "ஏனுங் மாமா, என்ற முடியை எடுத்துக்கச் சொல்ல உங்களுக்கு ஆரு அதிகாரம் குடுத்தா?"

"வாய் தவறி வந்துபோச்சு அம்மிணி."

"உங்க வாய் தவறினா என்ற தலை போவோணுமா?"

மூன்று நாள் அவரோடு பேசவில்லை. சோறு மட்டும் வேளாவேளைக்கு வந்தது. மாமியார் போன பிறகு அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். பேசாமல் எத்தனை நாள் இருப்பது? நாலாம் நாள் அவளே, "சரி உடுங்க. முடிதான, மொளைக்கும். பாசுபோட்டு வந்தாச் சரி" என்று சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை தபால் வந்தது. 'பாஸ்போர்ட்டு வந்திருக்கிறது. சனிக்கிழமை நேரில் ஆஜராகிப் பெற்றுக்கொள்ளவும்.' வந்திருக்கிறது என்று சர்க்காரே எழுதிவிட்டது. வேண்டுதலைத் தீர்க்காமல் கடல் தாண்ட அந்தப் பக்கத்தில் எவரும் துணிய மாட்டார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் மலையேறினார்கள். நாவிதர் கத்தி நாலு இழுப்பில் வேலையை முடித்தது. கீழே விழுந்த முடியைப் பார்க்க முடியாமல் அப்புசாமி முகத்தைத் திருப்பிக்கொள்ள, கண்ணாத்தாள்தான் அவரைத் தேற்றினாள். "ஒண்ணுமில்லீங் மாமா. காத்து நெம்ப நல்லா வருது."

பாஸ்போர்ட்டுப் படத்தில் முடி இருக்கிறதே என்று அந்த மலை மேல் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

"அழுவாதீங்க மாமா" என்றாள் கண்ணாத்தாள் இப்போது வராந்தாவில். "அழுதா மணி நிக்குமா?"

அப்புசாமி கண்ணைத் துடைத்தார். சட்டென்று முகம் தெளிந்தது. "சித்த இரு. இங்கயே இரு. வந்தர்றேன்!"

ஓடினார். அந்த வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. அரை மணியில் திரும்பி வந்தபோது கக்கத்தில் ஒரு துணிப் பொட்டலம். செவ்வாய்ப்பேட்டையில் தங்கியிருந்த ஒரு நாடகக் கம்பெனியிலிருந்து டோப்பா வாங்கி வந்திருந்தார். கண்ணாத்தாள் மறுத்துப் பார்த்தாள், கேட்கவில்லை. அவரே அவள் தலையில் அதை வைத்து அமுக்கினார்.

சிரஸ்தார் நிமிர்ந்து பார்த்தார். டோப்பாவில் பாதி முத்துச்சரமும், காதோரம் இரண்டு சுருளும், நெற்றியில் ஒரு பிறையும் இருந்தன.

"இது யார்?" என்றார்.

"கண்ணாத்தாளுங்க. முடியோட."

"பெரியவரே! சர்க்கார் ஆபீஸில் வேஷம் கட்டிக்கொண்டு வந்ததற்கு இப்போதே போலீஸைக் கூப்பிடலாம் நான். தெரியுமா?"

கண்ணாத்தாள் டோப்பாவைக் கழற்றி மாமனார் கையில் கொடுத்தாள். "எங்க மாமா பண்ணினது தப்புத்தானுங்க. என் மேல இருக்கற பாசத்துல பண்ணிப்போட்டாரு. நீங்க ஒண்ணு சொல்லுங்க சாமி. நாந்தான் அவன்னு காட்ட என்ன செய்யோணும்? சட்டத்துல அதுக்கு ஏதாச்சும் வழி சொல்லியிருக்குமுங்களே?"

வேஷம் கட்டி வந்தவள் இப்படிக் கேட்க மாட்டாள் என்று சிரஸ்தாருக்குப் பட்டிருக்க வேண்டும். கோப்பிலிருந்த இன்னொரு பிரதியைத் திருப்பினார். பின்பக்கத்தில் கடைவீதிப் படக்கடை ஒன்றின் முத்திரையும் ஒரு நம்பரும். அதை அவளிடம் கொடுத்தார். "சந்தேகம் தீரும்படி அத்தாட்சி வேண்டும். வாய் வார்த்தை போதாது. படம் எடுத்தவனே வந்து சொன்னாலும் போதாது, கண்ணால் பார்க்கிற மாதிரி ஏதாவது இருந்தால் கொண்டு வா. ஒரு மணிக்குள்."

மணி பதினொன்றே முக்கால்.

ஜட்கா கடைவீதிக்குப் பறந்தது. படக்கடைக்காரர் மாதையன் கையெல்லாம் மருந்துக் கறையோடு வந்து நின்றார். கண்ணாத்தாளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஞாபகம் இல்லைம்மா. தினம் இருபது மூஞ்சி பார்க்கிறேன். சத்தியம் பண்ணுன்னா எப்படிப் பண்ணுவேன்? படம் விழுந்த கண்ணாடித் தகடு வேணும்னா பத்திரமா இருக்கு."

முத்திரையையும் நம்பரையும் பார்த்துத் தகட்டைத் தேடி எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். எல்லாம் தலைகீழ். கறுத்த முகம், வெளுத்த கூந்தல், கண் இருக்கிற இடத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி. பேய் மாதிரி இருந்தது.

கண்ணாத்தாள் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஏனுங்க, இதே நாக்காலியில உக்கார வெச்சு, இதே தூரத்துல இன்னொண்ணு எடுக்க முடியுமா?" என்றாள்.

"பாஸ்போர்ட்டுப் படத்துக்குன்னு நாற்காலியையும் காமிராப் பெட்டியையும் நகர்த்தறதே இல்லை. தரையில கோடு போட்டு வெச்சிருக்கேன். எதுக்கு?"

"எங்கூர்ல வெத்தலை அடுக்கறப்ப, ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு வெளிச்சத்துல புடிப்போமுங்க. ஓரம் துளி மீறினாலும் தெரிஞ்சுபோவும். வேற ரகமுன்னு எடுத்து எறிஞ்சுருவோம். மூஞ்சியையும் அப்புடி வெச்சுப் பாக்கலாமில்லீங்க? முடி மாறும். மூக்கும் காதும் எங்க போவும்?"

மாதையன் பெட்டியை நோக்கி ஓடினார்.

"முதல் படத்துல பயந்தாப்பல இருக்கே. அதே மாதிரி மூஞ்சியை வெச்சுக்கம்மா. சிரிக்காதே."

"இப்ப நெசமாவே பயமாத்தானுங்க இருக்குது."

"மோவாயைக் கொஞ்சம் தூக்கு. போதும். மூச்சு விடாதே!"

கண்ணாத்தாள் மூச்சு விடவில்லை. மூலையில் டோப்பாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற அப்புசாமியும் விடவில்லை.

இருட்டறைக் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தண்ணீர் சலசலத்தது. பன்னிரண்டு அடித்து இருபது நிமிஷம். அப்புசாமி தெருவுக்கும் கதவுக்குமாக நடந்தார். கதவு திறந்தபோது மாதையன் கையில் ஈரம் சொட்டும் தகடு ஒன்றும், அச்சுப் போட்ட படம் ஒன்றும்.

"உலரலை. விரல் பட்டா அழிஞ்சுடும். ஓரத்தை மட்டும் பிடிக்கணும்."

"நான் புடிச்சுக்கறேன்" என்று அப்புசாமி கையை நீட்டினார்.

"நீங்க டோப்பாவைப் புடிங்க மாமா" என்றாள் கண்ணாத்தாள்.

மாதையனும் கடையைச் சாத்திவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார். ஈரத் தகட்டை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்தபடி கண்ணாத்தாள் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அப்புசாமி வண்டிக்காரனை வைதார். மெதுவாகப் போனால் அதற்கும் வைதார்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் இறங்கியபோது ஒரு மணிக்கு இன்னும் எட்டு நிமிஷம். சிரஸ்தார் தலைப்பாகையை எடுத்துக்கொண்டிருந்தார்.

மாதையன் ஜன்னலைத் திறந்தார். முதல் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தார். கொண்டைக்காரி. அதன் முன்னால் கண்ணாத்தாள் தன் தகட்டைக் கொண்டுவந்து மெதுவாக நகர்த்தினாள். இரண்டு முகம் தெரிந்தது. நாலு கண், இரண்டு மூக்கு. இன்னும் ஒரு நூல் இந்தப் பக்கம். இன்னும் ஒரு நூல்.

நின்றது. நாலு புள்ளி இரண்டு புள்ளியாயிற்று. மூக்குத்தி மூக்குத்தி மேல் உட்கார்ந்தது. காது மடல், மோவாய், மேலுதட்டின் வளைவு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒரே முகம் தெரிந்தது. கூந்தல் மட்டும் அதைச் சுற்றி வெள்ளை வளையமாகத் தனியே நின்றது.

சிரஸ்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"இதை யார் சொல்லிக் கொடுத்தது?"

"வெத்தலைங்க" என்றாள் கண்ணாத்தாள்.

சிரஸ்தார் தலைப்பாகையை மேஜை மேல் வைத்தார். உள்ளே போய்ப் பெரிய துரையிடம் பேசிவிட்டு வந்தார். மொட்டைப் படத்தை வாங்கி, பாஸ்போர்ட்டின் அடுத்த பக்கத்தில் தன் கையாலேயே பசை தடவி ஒட்டினார். ஒட்டிய இடத்தில் சர்க்கார் முத்திரை விழுந்தது. கீழே இங்கிலீஷில் இரண்டு வரி எழுதினார்.

"என்னன்னு எழுதியிருக்கீங்க சாமி?" என்று அப்புசாமி கேட்டார்.

"இரண்டு படமும் ஒரே பெண். தெய்வத்துக்கு முடி கொடுத்திருக்கிறாள். இரண்டையும் நானே ஒப்பிட்டுப் பார்த்தேன்." பேனாவை மூடினார். "பெரியவரே, இவள் பினாங்கில் இறங்கும்வரை நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். புதிதாக எதையும் வேண்டிக்கொள்ளாதீர்கள்."

ஜங்ஷனில் வழித்துணைக்கு வரும் ராசிபுரத்துக் குடும்பம் ஏற்கெனவே பெட்டியில் இடம் பிடித்திருந்தது. கண்ணாத்தாள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அப்புசாமி கட்டுச்சோற்று மூட்டையை உள்ளே கொடுத்தார். வெற்றிலைக் கவுளியைக் கொடுத்தார். கொடுக்க இனி ஒன்றுமில்லை என்றதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்தூட்டு ராமாயி அக்காகிட்ட சொல்லியிருக்கறேன். வேளைக்குச் சோறு வந்துரும். மொளகா சேத்தாதீங்க, வகுறு எரியும்."

"சரி அம்மிணி."

"நான் இல்லீன்னு கொடிக்காலே கதியின்னு கெடக்காதீங்க."

"சரி அம்மிணி." கம்பியை விடவில்லை. "என்ற மவன் உன்னையப் பாத்து ஏதாச்சும் சொன்னா, இந்தக் கெழவன் பண்ணின வேலையின்னு சொல்லிப்போடு. உம்மேல கோவப்படப் போறான்."

"பட்டுப் பாக்கட்டும்" என்றாள் கண்ணாத்தாள். வண்டி நகர்ந்தது. "போயிட்டு வாரேனுங் மாமா!"

ஐந்து வாரம் கழித்து மலாய் தபால்தலை ஒட்டிய கடிதம் வந்தது. நாலாம் வகுப்பு வரை படித்த கையெழுத்து. அப்புசாமி விரலை வரியில் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'மாமா அவர்களுக்கு கண்ணாத்தாள் கும்பிட்டு எழுதுவது. சுகமாக வந்து சேர்ந்தேன். கப்பலில் ரெண்டு நாள் வாந்தி, அப்புறம் சரியாகிவிட்டது. பினாங்கில் வெள்ளைக்கார ஆபீசர் ரெண்டு படத்தையும் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே முத்திரை போட்டுவிட்டார். ஒரு நிமிசம்கூட ஆகவில்லை.

வெளியே உங்கள் மகன் நின்றுகொண்டிருந்தார். என் முன்னாலேயே ரெண்டு தரம் போய்விட்டு வந்தார். ஏனுங்க என்று கூப்பிட்டேன். நின்று என்னைப் பார்த்து, ஏனுங்கம்மா, இந்தக் கப்பலில் வேலூர்ப் பொண்ணு ஒருத்தி வந்தாளா, முடி நெம்ப நீளமாக இருக்கும் என்று என்னையே கேட்டார். நான் பாசுபோர்ட்டைப் பிரித்து நீட்டினேன். ரெண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூட்டை மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஈப்போ போய்ச் சேருகிற வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.'

அப்புசாமி கடிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு விரைந்தார். "ராமாயி! பேனா இருக்குதா?"

"ஆருக்குங்க லெட்டரு? கண்ணாத்தாளுக்குங்களா?"

"என்ற மவனுக்கு. வெள்ளைக்காரனுக்கு ஒரு நிமிசத்துல தெரிஞ்ச பொண்டாட்டி இந்தப் பயலுக்குத் தெரியலையாம். நாலு வார்த்தை நல்லா வையோணும்!"