கறுப்பு பனியன்

வீரலட்சுமிக்கு இடது முழங்கால் முதலில் விழித்தது. அவள் எழுந்திருக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது. படுத்தபடியே காலை நீட்டிப் பார்த்தாள், நீளவில்லை. மடக்கிப் பார்த்தாள், அதற்கும் அது ஒப்பவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஏலத்தோட்டத்துச் சரிவில் ஏறி இறங்கிய கால். ஏறும்போது ஒரு வலி, இறங்கும்போது வேறொரு வலி. சும்மா கிடக்கும்போது இரண்டும் சேர்ந்து வந்தன.

அந்தச் சித்திரையில் கோடை மழை இல்லை. மேலே தோட்டங்களில் செடி சுருண்டு கிடந்தது. பாதி ஆளுக்குத்தான் வேலை. போடிமெட்டுக்கு ஏறுகிற ஜீப்புகளும் பாதி காலியாகவே போயின. தோட்டத்துக்கு ஆள் பிடித்து ஜீப்பில் ஏற்றிவிடும் ஜக்கையன் அதனால் வேறு சோலி கொண்டுவந்திருந்தான்.

"மலைக்கு இல்ல, சிலமலைப் பக்கம். ரெண்டு நாளைக்குக் கச்சேரி. வெளியூர்ப் பிள்ளைக வந்து ஆடும். நீங்க குப்பை பெறக்கணும், தண்ணிக் கேனைப் பாத்துக்கணும்."

"யாருண்ணே பாடுறாக?" என்றாள் வீரலட்சுமி.

"ஒருத்தரும் பாடமாட்டாக. மிசினுதான் பாடும்."

"மிசினு பாடுறதுக்கு அம்புட்டு தூரத்துல இருந்தா வாராக?"

"வந்தா உனக்கென்ன? நீயா டிக்கெட்டு எடுத்துக் குடுக்குற?"

பக்கத்துத் தெரு ஒச்சம்மாளும் வருவதாகச் சொல்லியிருந்தாள். அதுதான் வீரலட்சுமிக்கு யோசனையாக இருந்தது. ஒச்சம்மாளுக்கு ஐம்பத்தைந்து வயது. போன சித்திரையில் தக்காளிக் காட்டில் நடு மத்தியானம் குப்புற விழுந்தவள். இரண்டு நாள் பேச்சு வரவில்லை. இனிமேல் உச்சி வெயிலில் நிற்கவே கூடாது, அடுத்த தடவை விழுந்தால் எழுந்திருப்பது சந்தேகம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் அனுப்பினார்கள். இது தெரிந்தால் ஜக்கையன் அவளை எந்த வேலைக்கும் கூப்பிடமாட்டான். வீரலட்சுமிக்கு மட்டும் தெரியும். யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒச்சம்மாள் அவள் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள்.

"அண்ணே, ஒச்சம்மா மதினிக்குத் தண்ணிப் பந்தலைக் குடுங்க. அதுக்கு அதுதான் லாயக்கு. நான் குப்பை பெறக்குறேன்" என்றாள் வீரலட்சுமி.

"அவ ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டாளேத்தா."

"அதான் லாயக்குங்குறேன். தண்ணி குடிக்கிறவனுக்கு எதுக்குப் பேச்சு?"

ஜக்கையன் சிரித்துவிட்டு, சரி என்றான்.

ஆட்டம் நடந்த இடம் சிலமலைக்கு மேற்கே ஒரு தரிசு. ஓரத்தில் பத்துப் பதினைந்து மாமரங்கள் நின்றன. நடுவே ஒரு நிழலும் கிடையாது. மரம் உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கியிருந்தார்கள். ஜீப்பிலிருந்து இறங்கிய பெண்கள் பன்னிரண்டு பேரும் வழக்கம்போல சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். புருசன் போட்டது, மகன் போட்டது, துவைத்துத் துவைத்து நூலாகிப்போன பருத்திச் சட்டைகள். தோட்டத்தில் ஏலத்தோகை கையைக் கீறாமல் இருக்கவும், அட்டை ஏறாமல் இருக்கவும், காட்டில் வெயில் தாங்கவும் அவர்களுக்கு இருந்தது அந்தச் சட்டைதான்.

வாசலில் ராம்பிரசாத் என்று ஒரு பையன் நின்றான். கழுத்தில் அடையாள அட்டை, கையில் வாக்கிடாக்கி. ஆளுக்கொரு கறுப்பு பனியனை எடுத்து நீட்டினான். முன்னாலும் பின்னாலும் வெள்ளையில் எழுத்து.

"எல்லாரும் இதைப் போட்டுக்கங்கக்கா. அந்தச் சட்டையெல்லாம் கழட்டிடுங்க."

"தம்பி, இது வெயிலுக்குப் போடுறது."

"புரியுதுக்கா. ஆனா வேலை பாக்குறவங்களுக்குக் கறுப்புதான். அப்பதான் செக்யூரிட்டி உள்ள விடுவாங்க. போட்டோவுலயும் ஒரே மாதிரி இருக்கணும்."

"கறுப்பு வெயில இழுக்குமேய்யா."

"ரெண்டு நாளைக்குத்தானேக்கா."

"ரெண்டு நாளுல கருகமுடியாதா என்ன?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடியே கழற்றினார்கள். சட்டைகளை ஒரு சாக்கில் போட்டு வாசலிலேயே வைத்தார்கள். ஒச்சம்மாள் தன்னுடையதை மடித்து, கழுத்துப் பட்டையை நீவிவிட்டுப் போட்டாள். வீரலட்சுமி மட்டும் தன் சட்டையைச் சுருட்டி இடுப்பில் சொருகிக்கொண்டாள். பனியன் தொடும்போது வழவழவென்று இருந்தது. போட்ட ஐந்தாவது நிமிடம் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பதினோரு மணிக்கு ஸ்பீக்கர் அடிக்கத் தொடங்கியது. டம் டம் டம் என்று ஒரே அடி. நெஞ்சுக் கூட்டுக்குள் யாரோ உட்கார்ந்து நெல் குத்துவது மாதிரி இருந்தது. அரைமணி நேரம் கழித்து ஒருத்தி வீரலட்சுமியின் காதுக்குள் கத்தினாள்.

"ஏண்டி, டெஸ்டிங் எப்பத்தான் முடிப்பான்?"

"இதான் பாட்டாம்."

"அடப் பாவிகளா! நான் ஆரம்பிக்கட்டும்னுல்ல நிக்கிறேன்."

வந்த பிள்ளைகள் விதவிதமாக உடுத்தியிருந்தார்கள். விளம்பரத்தில் மலையும் மஞ்சும் போட்டிருந்ததாம். அதை நம்பிக் குளிருக்குக் கோட்டு கொண்டுவந்த சிலர் அதை இடுப்பில் கட்டிக்கொண்டு அலைந்தார்கள். மஞ்சு இருந்த இடம் நாலாயிரம் அடிக்கு மேலே. இங்கே தரை காலைச் சுட்டது. தோளில் துணியே இல்லாத பெண்கள், கன்னத்தில் ஜிகினா ஒட்டியவர்கள், சட்டை போடாமல் முதுகில் படம் வரைந்த பையன்கள். வீரலட்சுமிக்கு அதில் வெட்கமும் இல்லை, கோபமும் இல்லை. சிவந்துபோன தோள்களைப் பார்த்து, ராத்திரி இது எரியும், படுக்க முடியாது என்று மட்டும் நினைத்தாள்.

அவள் குனிந்து பாட்டிலைப் பொறுக்கினாள். நிமிர்ந்தாள். குனிந்தாள். பன்னிரண்டு மணிக்குப் பனியனுக்குள் உடம்பு வெந்தது. இடுப்பிலிருந்த சட்டையை உருவி மேலே போட்டுக்கொண்டாள். பனியனின் எழுத்துத் தெரியட்டும் என்று பட்டனைத் திறந்துவிட்டாள். கேட்க யாரும் வரவில்லை. உடம்பு கொஞ்சம் ஆறியது. முழங்கால் ஆறவில்லை. வீங்கி, தோல் மினுங்கியது. பன்னிரண்டரைக்கு அவள் தண்ணீர்ப் பந்தலுக்கு நொண்டி நொண்டி வந்தாள்.

"மதினி, முட்டி வீங்கிப்போச்சு. ஒரு மணி நேரம் இங்கிட்டு உக்காந்துக்கிறவா?"

ஒச்சம்மாள் முழங்காலைப் பார்த்தாள். பிறகு பந்தலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தாள்.

"ஒரு மணி நேரம்னா ஒரு மணி நேரந்தேன்டி."

"ஒண்ணரைக்கெல்லாம் வந்து மாத்திக்கிறேன் மதினி."

ஒச்சம்மாள் முந்தானையைத் தலையில் போட்டு, குப்பைச் சாக்கை எடுத்துக்கொண்டு போனாள். வெயிலுக்குள் அந்தக் கறுப்பு முதுகு கொஞ்ச தூரம் தெரிந்தது. அப்புறம் கூட்டம் மறைத்துவிட்டது.

கேன்களில் குழாய் இருந்தது. வருகிறவர்கள் தாங்களே பிடித்துக் குடித்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் மட்டும் பந்தலுக்குள் வந்து தரையில் பொத்தென்று உட்கார்ந்தாள். கறுப்பில் கையில்லாத சட்டை. தோள் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தன. வீரலட்சுமியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தச் சட்டை எங்க வாங்குனீங்க?"

"வாங்கலத்தா. எங்க வீட்டுக்காரரு போட்டுக் கழிச்சது."

"செமையா இருக்கு. இந்தப் புள்ளிப் புள்ளியா இருக்குறது டிசைனா?"

"ஏலக்கறை. துவைச்சாலும் போகாது."

அந்தப் பெண் சிரித்தாள். ஊர் திண்டுக்கல்லாம், பெங்களூரில் வேலையாம். செல்லை எடுத்துத் தடவினாள்.

"என்ன போட்டுட்டு வரணும்னு முந்தியே மெசேஜ் அனுப்பியிருந்தாங்கக்கா. நான்தான் படிக்கல. கேளுங்க. 'பருத்தித் துணி. தொளதொளன்னு இருக்கணும். வெளிர் நிறம். தோளும் கையும் மூடியிருந்தா நல்லது. தலைக்குத் துணி. கறுப்பு வேண்டவே வேண்டாம், சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும், மயக்கம் வரும்.' பாத்தீங்களா? நீங்க எல்லாம் கரெக்டா போட்டிருக்கீங்க."

"இதை எல்லாருக்குமா அனுப்புனாக?"

"டிக்கெட் வாங்குனவங்களுக்கு அனுப்புனாங்க."

அந்தப் பெண் இரண்டு தம்ளர் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு போய்விட்டாள். வீரலட்சுமி தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். மதினிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. நிழலில் இருக்கிறவளுக்கு எதற்கு இந்தச் சட்டை? இருநூறு அடி நடந்தால் போதும். சட்டையின் வலது கையை உருவினாள். முழங்காலை ஊன்றினாள். அது ஊன்ற விடவில்லை. இந்தா எந்திரிச்சுட்டேன், ஒரு நிமிசம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேன்களுக்குப் பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டியில் முழங்காலைச் சாய்த்தாள். குளிர்ச்சி வலிக்குள் இறங்கியது. பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் ஜீப்புக் கம்பியைப் பிடித்தபடியே தூங்கிப் பழகியவள். டம் டம் டம் என்ற அடி அவளை எழுப்பவில்லை, தாலாட்டியது.

பந்தலின் நிழல் நகர்ந்து, பாதத்தில் வெயில் சுட்டபோதுதான் கண் திறந்தது. சூரியன் மேற்கு மலைப் பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு பையனிடம் மணி கேட்டாள். நாலு என்றான்.

வீரலட்சுமி ஓடினாள். முழங்கால் வலித்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியாது. "மதினி! மதினி!" என்று கத்தினாள். அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை. தரையெங்கும் ஆட்கள் படுத்துக் கிடந்தார்கள். ஆடிக் களைத்தவர்கள், குடித்தவர்கள், ஒருவர் மடியில் ஒருவர். படுத்துக் கிடப்பது அங்கே யாருக்கும் ஒரு விசயமாகவே இல்லை. ஒவ்வொரு கறுப்பாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

மாமரத்துக்குப் பத்தடி இப்பால் ஒச்சம்மாள் கிடந்தாள். நிழலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. யாரோ அவள் தூங்குவதாக நினைத்து, முகத்தில் வெயில் படாமல் ஒரு ஓலைத் தொப்பியைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அவளைச் சுற்றி, அவளை மிதிக்காமல் கவனமாக ஆடிக்கொண்டிருந்தார்கள்.

வீரலட்சுமி தொப்பியைத் தள்ளினாள். வாய் கோணியிருந்தது. உடம்பில் சொட்டு வேர்வை இல்லை. பனியனைத் தொட்டாள், தோசைக்கல்லாகச் சுட்டது. தலைவழியே உருவப் பார்த்தாள், வரவில்லை. கழுத்துப் பக்கம் பல்லால் கடித்து அடிவரை கிழித்தாள். தன் சட்டையைக் கழற்றி, கிடைத்த பாட்டில் தண்ணீரையெல்லாம் அதில் ஊற்றி, ஒச்சம்மாளின் மேல் போர்த்தினாள். அப்போதுதான் சுற்றி ஆடியவர்கள் நின்றார்கள். மிளகாய்ப் பழத் தோள்காரி எங்கிருந்தோ ஐஸை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். ராம்பிரசாத் வந்து பார்த்துவிட்டு, வாக்கிடாக்கியில் ஆம்புலன்ஸ் ஆம்புலன்ஸ் என்று அதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இரண்டாவது குளுக்கோஸ் பாட்டில் ஏறும்போது ஒச்சம்மாள் கண் திறந்தாள். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். மூத்திரம் ஒழுங்காக இறங்குகிறதா என்று நாலு நாள் பார்க்க வேண்டும். இடது கை விரல்கள் மடங்க நாளாகலாம், மடங்காமலும் போகலாம். ஏலக்காய் எடுக்கிற கை அது. வலது கையில் தோகையை விலக்கிப் பிடித்து இடது கையால் காய் எடுப்பாள், இடக்கைக்காரி.

ஜக்கையன் வேகமாக வந்து கட்டில் ஓரம் நின்றான்.

"ஏத்தா, உன்னைய பந்தல்லதான போட்டேன்? வெயிலுக்குள்ள யாரு உன்னைப் போகச் சொன்னா?"

வீரலட்சுமி வாயைத் திறந்தாள். அதற்குள் ஒச்சம்மாள் குழறிக் குழறிச் சொன்னாள்.

"நானாத்தேன் போனேன். உக்காந்து உக்காந்து சடைச்சுப்போச்சு."

"நல்லாச் சடைச்சுச்சு போ. இருக்கிற சோலியக் கெடுத்துக்கிட்டு..." ஜக்கையன் தலையில் அடித்துக்கொண்டு, மற்றப் பெண்களை ஊருக்கு ஏற்றிவிடப் போனான். திறந்த வாயை வீரலட்சுமி மூடிக்கொண்டாள். அவன் பின்னாலேயே போய்ச் சொல்லியிருக்கலாம், அவள் எழவில்லை.

ஒச்சம்மாள் தலையை மட்டும் வீரலட்சுமி பக்கம் திருப்பினாள்.

"மணி எத்தனை, நீ வரும்போது?" என்றாள் ஒச்சம்மாள்.

"நாலு."

"ஒண்ணரைக்கு வர்றேன்ன."

"கண்ணு அசந்துருச்சு மதினி."

"அசரும்." ஒச்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது கேட்டாள். "முட்டி எப்படியிருக்கு?"

"பரவால்ல மதினி."

பொய் இல்லை. மூன்று மணி நேரம் ஐஸில் கிடந்த முழங்காலில் வீக்கம் வற்றியிருந்தது. வீரலட்சுமி அதைச் சேலையால் மூடினாள்.

ஒச்சம்மாள் ஒப்புக்கொண்டது ஒரு மணி நேரத்துக்கு. ஒன்றரையிலிருந்து நாலு வரைக்குமான இரண்டரை மணி நேர வெயிலை வீரலட்சுமி ஒச்சம்மாளுக்குக் கடன்பட்டிருக்கிறாள்.