முதல் கரடி

மூன்றில் இரண்டு பகுதி ஆட்டம் முடிந்தும் ஒரு கரடிகூட விழவில்லை. ஆயிரத்து இருநூறு பேர் மடியில் ஆளுக்கொரு பொம்மையை வைத்துக்கொண்டு, சாப்பாடு வராத கல்யாண வீட்டில் காத்திருப்பவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை மதிய ஆட்டத்தில், எங்கள் போர்ட் லோர்ன் பல்கலைக்கழகத்தின் ஐஸ் ஹாக்கிப் பெண்கள் முதல் கோல் போட்டதும் ஊரே கரடி பொம்மைகளைப் பனித்தளத்தில் எறியும். அவற்றைப் பொறுக்கிக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம். மற்ற நாட்களில் நூற்றைம்பது தலை தேறாத அரங்கம் அன்று மட்டும் நிரம்பி வழியும். ஒரே நிபந்தனை, நம்மவர்கள் கோல் போட வேண்டும். இத்தனை வருடங்களில் அதை யாரும் ஒரு நிபந்தனையாகவே நினைத்ததில்லை.

நான் ஹெக்டர். வாரத்தில் ஐந்து நாள் சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன். ஆட்ட நாளில் கோலுக்குப் பின்னால், கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், ஒரு சின்னக் கூண்டில் கையில் பொத்தானோடு உட்கார்ந்திருப்பேன். கறுப்பு ரப்பர் வட்டு கோட்டை முழுசாகத் தாண்டினால் அழுத்த வேண்டும். தலைக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். முழுசாக. ஒரு நூலளவு கோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது கோல் இல்லை. எங்கள் கரையோர லீகில் காமெராவில் திருப்பிப் போட்டுப் பார்க்கும் வசதியெல்லாம் கிடையாது. காமெரா நான்தான். இருபத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறாக அழுத்தியதில்லை. வீட்டில் மூக்குக் கண்ணாடியைத் தேடித் தர மட்டும் உங்களுக்கு ஆள் வேண்டும் என்று மனைவி கிண்டல் செய்வாள். அது வேறு விஷயம்.

அன்றைக்குக் கோல் விழாததற்குக் காரணம் என் தங்கை மகள் ஷோனா. எதிரணியின் கோல்கீப்பர். இந்த ஊரில் பிறந்து இதே அரங்கத்தில் சறுக்கப் பழகியவள். ஐந்தடி இரண்டங்குலம். அந்த உயரத்தைப் பார்த்தே எங்கள் பல்கலைக்கழகம் அவளை வேண்டாமென்றது. வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற செயின்ட் பிரெண்டன் சேர்த்துக்கொண்டது. சேர்த்து, மூன்றரை வருடம் பெஞ்சில் உட்கார வைத்தது. இது அவளுக்குக் கடைசி வருடம். முதல் கோல்கீப்பருக்குக் கணுக்கால் பிசகியதால்தான் இன்று வாய்ப்பு. "ஒரு கோலும் விடாம நின்னா ஜனவரியிலேர்ந்து வலை உன்னோடது, விட்டா பழைய பெஞ்சுதான்" என்று பயிற்சியாளர் கறாராகச் சொல்லிவிட்டாராம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் என்னிடம் சொன்னாள்.

"பயமா இருக்கா?" என்றேன்.

"எனக்கென்ன மாமா பயம்? உங்க ஊர்க்காரங்கதான் பயப்படணும். அத்தனை கரடியையும் திருப்பி வீட்டுக்குத் தூக்கிட்டுப் போகணுமே, பாவம்."

மாமனே விளக்குக்காரனா என்று கேட்பீர்கள். சொந்தக்காரன் இல்லாத ஆளைத்தான் உட்கார வைப்போம் என்றால் இந்த லீகில் ஆட்டமே நடக்காது. எங்கள் அணியின் பயிற்சியாளரும் அவர்கள் அணியின் பயிற்சியாளரும் சகலைகள்.

தங்கை ஃப்ளோரா எனக்கு இடப்பக்க மூலையில், வட்டு கூட்டத்தின் மேல் பறக்காமலிருக்கக் கட்டிய தடுப்பு வலை முடிகிற இடத்தில், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பழுப்புக் கரடி. அதன் கழுத்தில் பச்சை மஃப்ளர், அவளே பின்னியது. பச்சை, செயின்ட் பிரெண்டனின் நிறம். மகளுடைய வலையில் கோல் விழுந்தால்தானே இதை எறிய முடியும், எதற்கு வாங்கினாய் என்று கேட்டதற்கு, "ஆஸ்பத்திரிப் பிள்ளைங்களுக்குத்தானேண்ணே. எப்படியும் ஒண்ணு விழும்ல" என்றாள். அந்த 'எப்படியும்' எனக்குச் சுருக்கென்றது. ஷோனா விஷயத்தில் அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். எடுத்துக்க மாட்டாங்க, எறக்க மாட்டாங்க, நின்னாலும் நிலைக்காது. பாசம் இல்லாமல் இல்லை. மகள் அழுவதற்கு முன்னால் தானே அழுது முடித்துவிட வேண்டும் என்கிற பயம்.

மூன்றாவது பகுதியில் வலை மாறி ஷோனா என் கூண்டுக்கு முன்னால் வந்து நின்றாள். முதுகில் முப்பத்தொன்று. கூட்டத்துக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்து வரிசையில் மீன் கடை ரெஜி, தன் வயிற்றளவு பெரிய வெள்ளைக் கரடியைத் தூக்கிப் பிடித்துக் கத்தினான்.

"ஏ குட்டச்சி! ஒண்ணே ஒண்ணு விடும்மா! பிள்ளைங்களுக்காக!"

வலைமேல் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுக்கிற சாக்கில் அவள் திரும்பினாள். "பிள்ளைங்களுக்கு வேணும்னா வாசல்ல ஒரு பெட்டி வெச்சிருக்காங்க, அதுல போட்டுட்டுப் போ ரெஜி! கரடியைவிட உனக்குத்தான் மூச்சு வாங்குது!"

நான் சிரிக்கக் கூடாது. விளக்குக்காரன் முகத்தில் ஈ ஆடக் கூடாது என்பது என் கொள்கை. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஆறு நிமிடம் மீதி இருக்கும்போது நடந்தது. எங்கள் பெண்கள் மூன்று பேர் ஒன்றாகப் பாய்ந்து வந்தார்கள். முதல் அடியைத் தோளில் வாங்கினாள். திரும்பி விழுந்த வட்டை இன்னொருத்தி தட்ட, அது கால் பேடுக்கும் பனிக்கும் இடையில் புகுந்து பின்னால் வழுக்கியது. ஷோனா அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்தாள். எங்கள் பெண்கள் மட்டைகளை உயர்த்திவிட்டார்கள். அரங்கமே எழுந்தது.

நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அவள் காலுக்குக் கீழே வட்டு தெரிந்தது. முக்கால்வாசி கோட்டைத் தாண்டியிருந்தது. கால்வாசி சிவப்புக் கோட்டின் மேல் படுத்திருந்தது. பொத்தானில் விரல் துடித்தது, பொய் சொல்ல மாட்டேன். அழுத்தினால் ஊருக்குச் சந்தோஷம், பிள்ளைகளுக்குப் பொம்மை, எனக்கும் நல்ல பேர். அழுத்தாவிட்டால் மாமன் மருமகளைக் காப்பாற்றினான் என்று சாகும்வரை பேசுவார்கள். ஆனால் கோடு கோடுதான். விரலை எடுத்துவிட்டேன்.

அப்போது என் இடப்பக்கத்திலிருந்து ஒரு பழுப்புக் கரடி பறந்து வந்து, பச்சை மஃப்ளரோடு ஷோனாவின் முகக்கூண்டுக்கு முன்னால் பொத்தென்று விழுந்தது.

அவ்வளவுதான். ஒன்று விழுந்ததைப் பார்த்ததும் ஆயிரத்து இருநூறும் விழுந்தன. கரடி, முயல், யானை, யாரோ வீட்டுத் தலையணைகூட. விளக்கு எரியவில்லை என்பதை யார் பார்த்தார்கள்? கூச்சல் கூரையைத் தொட்டது. பொம்மைகளுக்கு நடுவில் நடுவர் ஜெனிவீவ் முழங்காலால் தள்ளிக்கொண்டு என் கண்ணாடிக்கு வந்தாள்.

"ஹெக்டர், உள்ள போச்சா இல்லையா?"

"போகல. கோட்டு மேல கெடக்கு."

"நிச்சயமா? உம்ம மருமக..."

"மருமக இல்ல, என் அம்மாவே நின்னாலும் கோட்டு மேலதான் கெடக்கு. அந்தக் கரடியை நகர்த்திட்டு நீயே குனிஞ்சு பாரும்மா."

குனிந்து பார்த்தாள். ஷோனா இம்மியும் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், நல்லவேளை. ஜெனிவீவ் எழுந்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தாள். கோல் இல்லை. அதோடு விடாமல், பனித்தளத்தில் பொருள் எறிந்து ஆட்டத்தைத் தடுத்ததற்காகச் சொந்த ஊர் அணிக்கு இரண்டு நிமிடத் தண்டனையும் கொடுத்தாள். "மாமன் காப்பாத்துறான்டா!" என்று ரெஜி தொண்டை கிழியக் கத்தினான். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பொம்மைகளை அள்ளி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. ஷோனா மட்டும் அந்தப் பழுப்புக் கரடியைக் கொடுக்கவில்லை. மஃப்ளரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கரடியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நேராக மூலைக்குச் சறுக்கிப் போய், முகக்கூண்டை மேலே தூக்கினாள். ஃப்ளோராவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"நீதானேம்மா முதல்ல எறிஞ்சே?"

"உள்ள போயிருச்சுன்னு நெனச்சேன்டி."

"விளக்கு எரிஞ்சுதா?"

"இல்ல."

"அப்புறம் எதைப் பார்த்து நெனச்சே?"

எனக்கு அந்தப் பதில் தெரியும், ஷோனாவுக்கும் தெரியும். அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். சிரித்தாள். மட்டையின் அகலமான பக்கத்தில் கரடியை உட்கார வைத்து, ஒரே சுண்டு. அது கண்ணாடிக்கு மேலே எழும்பிப் போய் அம்மாவின் மடியில் விழுந்தது.

"பத்திரமா வெச்சுக்கோ. நெஜமா விழுந்தா எறி."

தண்டனையால் ஒரு ஆள் குறைந்த நேரத்தில் எங்கள் அணி தடுமாற, அந்தக் கோடி வலையில் செயின்ட் பிரெண்டன் ஒரு கோல் போட்டது. கரடிகள் எங்களுக்குக் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசு. அதன் பிறகு எங்கள் பெண்கள் வெறிகொண்டு தாக்கினார்கள். கடைசி நிமிடத்தில் தங்கள் கோல்கீப்பரையே வெளியே எடுத்துவிட்டு, கூடுதலாக ஒருத்தியை முன்னால் அனுப்பினார்கள். ஷோனா மார்பிலும் முழங்காலிலும் ஒரு தடவை கழுத்திலும் வாங்கித் தள்ளினாள். வாங்கிய ஒவ்வொரு முறையும் மட்டையால் இரண்டு கம்பத்தையும் தட்டிக்கொண்டாள். என் நெஞ்சு பெருமையில் விம்மியது. முகத்தில் காட்டவில்லை, அவ்வளவுதான்.

பத்து நொடி மீதி. நடுவர் வட்டைக் கீழே போட்டு ஆட்டத்தை மறுபடி தொடங்கும் இடம் அவள் வலைக்குப் பக்கத்திலேயே. அரங்கத்தில் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள், எல்லாக் கைகளும் வெறுமையாக. எறிய மீதியிருந்தது ஒரே ஒரு பொம்மை. நான் பொத்தானில் விரலை வைத்தேன். என் கண் கோட்டை விட்டு நகராது, இருபத்தொரு வருடமாக நகர்ந்ததில்லை. ஆனால் ஓரக்கண்ணை நான் என்ன செய்ய முடியும்? மூலையில் ஃப்ளோரா மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். பச்சை மஃப்ளரின் இரண்டு முனைகளையும் தன் மணிக்கட்டில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள், எறிய நினைத்தாலும் கரடி கையை விட்டுப் போக முடியாதபடி. ஜெனிவீவ் குனிந்து வட்டைப் போட்டாள்.