நல்ல சேதிக்காரி

இரத்தம் கொடுத்தவர்கள் மறுபடி ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தால் முதலில் கேட்பது, ஆள் தப்பிவிட்டாரா என்பதைத்தான். மார்கிறட் கண் இமைக்காமல், தப்பிவிட்டார் என்பாள். தப்பியவரும் தப்பிவிட்டார், தப்பாதவரும் தப்பிவிட்டார். செத்தவர்களில் இத்தனை பேரை உயிரோடு நடமாட விட்டவள் அந்தப் பட்டணத்தில் அவள் ஒருத்திதான்.

அவள் ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு இருப்பவள் அல்ல. தன்னாமுனையில் சட்டை தைத்துப் பிழைப்பவள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டை தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் சுவாமி இரத்த வங்கியில் ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்று கேட்டார். போனவர்களில் பலர், மணம் பிடிக்கவில்லை, தலை சுற்றுகிறது என்று ஏதேதோ சாட்டுச் சொல்லி நின்றுவிட்டார்கள். மார்கிறட் மட்டும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள். ஆள் பிடிப்பது, வந்தவர்களைப் பயம் தெளியக் கதைகொடுத்துப் படுக்க வைப்பது, எழும்பியதும் சீனி கூடப் போட்ட பிளேன்ரீயும் பிஸ்கட்டும் கொடுப்பது எல்லாம் அவள் வேலை. ஆமியின் சென்றிக்குக் கிட்டப் போகுமுன் கையில் ஒட்டிய பிளாஸ்டரைக் கழற்றி எறிந்துவிடச் சொல்லி அனுப்புவதும் அவள்தான். முழங்கை மடிப்பில் ஊசி அடையாளத்தைக் கண்டால், யாருக்கு இரத்தம் கொடுத்தாய் என்று ஆமிக்காரன் மறித்து வைத்துவிடுவான்.

பொய் சொல்வது இரத்த வங்கித் தாதி றஸீனா மிஸ்ஸிக்குப் பிடிக்காது. ஏறாவூர்க்காரி. வீட்டில் இழவு விழுந்தும் வேலையை விடாமல் வந்துபோகிறவள். ஊசி குத்துவதிலும் பேச்சிலும் ஒரே மாதிரி, நேராகப் போய் நிற்பாள். தெரியாது என்று சொன்னால் போதுமே, ஏன் தப்பிவிட்டார் என்கிறாய் என்று கேட்பாள். மார்கிறட் அதற்கு ஒரு பொடியனின் கதையைச் சொல்வாள். அவன் இரத்தம் கொடுத்த ஆள் செத்துப்போனதை யாரோ அவனிடம் சொல்லிவிட்டார்கள். என் இரத்தம் ராசியில்லாதது என்றுவிட்டு அவன் அந்த வாசலையே மிதிக்கவில்லை. உண்மையைச் சொல்லி ஆளைக் கெடுப்பதிலும் பார்க்க இது மேல் என்பது மார்கிறட்டின் கட்சி. அவள் அப்படி நம்பினாள். நன்மை செய்கிறோம் என்ற நினைப்பு வந்துவிட்டால் ஒருவரையும் பிடித்து நிறுத்த முடியாது.

கண்ணகை உன்னிச்சைப் பக்கத்துக்காரி. வாவிக்கு அந்தப் பக்கம், வயல் வட்டைக்குள் வீடு. அறுவடைக் காலத்தில் நடந்த சுற்றிவளைப்பில் ஆமிக்காரர்கள் அவளுடைய மகன் தவநேசனைக் கொண்டுபோனார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்ட இடமெல்லாம், எங்களிடம் இல்லை என்றார்கள். அதன்பிறகு அவள் ஒவ்வொரு செவ்வாயும் பாலம் கடந்து ஆஸ்பத்திரிக்கு வருவாள். முதலில் பிரேத அறைக்குப் போவாள். வந்து கிடக்கிற முகங்களைப் பார்ப்பாள். தன் பிள்ளை அங்கே இல்லையென்று கண்ட பிறகுதான் வாட்டுகளுக்குள் தேடுவாள். பிரேத அறையிலிருந்து வெளியே வரும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு சந்தோசம் இருக்கும். அதைப் பார்க்க முடியாமல் மார்கிறட் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்படியொரு செவ்வாய் மத்தியானம், வாவிக்கரையில் வெடிபட்டுக் கிடந்த ஓர் இளைஞனை மீன்பிடிக்காரர்கள் தோணியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். எந்தப் பக்கத்து வெடி என்று எவரும் கேட்கவில்லை. கேட்பது நல்லதுமல்ல. பெயரில்லை, அடையாள அட்டையில்லை, முகமெல்லாம் சேறு. மார்கிறட் ஈரச்சீலையால் துடைத்துவிட்டாள். கீழுதட்டுக்குக் கீழே, நாடியில் விரலால் அழுத்திவிட்டதுபோல் ஒரு குழி உள்ள முகம். நோவு தாங்காமல் அவன் கத்திய கத்து வெளிநோயாளர் வரிசை வரைக்கும் கேட்டது.

குளிர்ப்பெட்டியில் இரத்தம் தீர்ந்துபோயிருந்தது. மார்கிறட் நடைக்கு ஓடிவந்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் கேட்டாள். அப்போதுதான் பிரேத அறையிலிருந்து வந்துகொண்டிருந்த கண்ணகை நின்றாள்.

"என்ட இரத்தம் சேருமெண்டா எடுங்க. ஆருட புள்ளையோ," என்றாள்.

றஸீனா சோதித்துப் பார்த்துவிட்டு, பொருந்துகிறது என்றாள். கண்ணகை கொடுத்தாள். பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, ஆளை ஒருக்கால் பார்க்கலாமா என்று கேட்டாள். சத்திரசிகிச்சைக்கு ஆயத்தப்படுத்துகிறார்கள், இப்போது முடியாது என்றார்கள். ஆமி பாலத்தை மூடுமுன் போய்ச் சேர வேண்டும் என்பதால் அவள் போய்விட்டாள். பின்னேரம், பொழுது சாயுமுன், அந்த இளைஞன் செத்துப்போனான். சாகும்வரை கத்திக்கொண்டே இருந்தான்.

கண்ணகைக்கு மனம் கேட்கவில்லை. அடுத்த செவ்வாய் வரைக்கும் பொறுக்காமல் வியாழனே வந்துவிட்டாள். நேரே மார்கிறட்டிடம் வந்து, ஆள் தப்பிவிட்டாரா என்று கேட்டாள். மார்கிறட் வழக்கமான பதிலைச் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். கண்ணகையின் முகம் மலர்ந்ததைக் கண்டு ஆசை கூடி, மேல்சிகிச்சைக்குக் கண்டிக்கு அனுப்பிவிட்டார்கள் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

கண்ணகை அன்றைக்கு வேறெங்கும் போகவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனாள். அவள் இப்படிச் சிரித்த முகத்தோடு போவது இதுதான் முதல் தடவை என்று மார்கிறட்டுக்குத் திருப்தியாக இருந்தது. அந்த இளைஞனை ஆஸ்பத்திரி ஆட்கள் அந்த வியாழன் பின்னேரமே கொண்டுபோய் வாவியோரச் சவக்காலையில் புதைத்தார்கள். உரிமை கோரி ஒருவரும் வரவில்லை.

அதன்பிறகு கண்ணகை பிரேத அறைக்குப் போவதை விட்டுவிட்டாள். இரத்த வங்கிக்கு மட்டும் வருவாள். திரும்பக் கொடுக்கக் காலம் வந்ததும் கையை நீட்டிக்கொண்டு வந்து படுப்பாள். இடையிலும் வருவாள். அந்தப் பொடியன் சாப்பிடுகிறானா, எழும்பி இருக்கிறானா என்று கேட்பாள். மார்கிறட்டும் கேட்டதற்கெல்லாம் சொன்னாள். கஞ்சி குடிக்கிறான் என்றாள். எழும்பி இருக்கிறான் என்றாள். பொல்லைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான், பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை என்றாள். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது, அதற்குச் சோறு போட்டு வளர்க்கவும் வேண்டும்.

அந்த நாட்களில்தான் செத்தவன் மார்கிறட்டிடம் வரத் தொடங்கினான். முதலில் தையல் மெசினுக்குப் பக்கத்தில், நிலத்தில், துடைத்த முகத்தோடு கிடந்தான். பட்டப்பகல். மார்கிறட் கையில் கத்தரிக்கோலோடு உறைந்துபோய் நின்றாள். எழும்பி இருக்கிறான் என்று அவள் கண்ணகையிடம் சொன்ன கிழமை, அவன் சுவரில் சாய்ந்து இருந்தான். நடக்கிறான் என்று சொன்ன பிறகு, சைக்கிளில் வரும்போது தெருவோரத்தில் பொல்லோடு நின்றான். தலைமயிர் வளர்ந்திருந்தது. அவள் சொன்னது ஒன்றையும் தட்டாமல் அவன் தேறிக்கொண்டு வந்தான். வாய் மட்டும் திறக்கவில்லை. அவனுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று தவறியும் சொல்லிவிடக்கூடாது என்று மார்கிறட் மாதாவை மன்றாடினாள். பேச்சு வந்தால், நான் தப்பிவிட்டேனா என்றுதான் அவன் முதலில் கேட்பான் என்பது அவளுக்குத் தெரியும். பயத்தில் அவள் உடம்பு பாதியாகிப் போனது.

ஒரு நாள் கண்ணகை உடுத்தப் புதுச்சாரம் ஒன்றும் சின்னப் போத்தலில் தேனும் கொண்டுவந்து கொடுத்தாள். கண்டிக்குப் போகிறவர்கள் இருந்தால் தவநேசனிடம் கொடுத்துவிடச் சொன்னாள்.

மார்கிறட்டுக்கு முதலில் விளங்கவில்லை. அந்தப் பொடியனைத் தன் மகனென்றே கண்ணகை நம்பியிருப்பது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. இரத்தம் எல்லாருக்கும் பொருந்தக்கூடும், உங்களுடையது ஓ குறூப், அது ஆருக்கும் சேரும் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். கண்ணகை சிரித்தாள்.

"பெத்த வயித்துக்குத் தெரியாதா தங்கச்சி. அண்டைக்கு எத்தின சனம் அதில நிண்டது. ஏன் என்னைக் கொண்டுவந்து படுக்க வச்சான் கடவுள்?"

மகள்காரி அண்ணனுக்குக் கிரியை செய்துவிடுவோம் என்று நச்சரித்தாளாம். உயிரோடு இருக்கிறவனுக்கு ஏன் கிரியை என்று இவள் ஏசி அடக்கிவிட்டாளாம். சொல்லிவிட்டு, இளமை திரும்பியவள்போல் கைவீசிக்கொண்டு போனாள்.

றஸீனாவிடம் மார்கிறட் எல்லாவற்றையும் கொட்டினாள். றஸீனா திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். அந்த வியாழக்கிழமை நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்த மனுசி நேரே பிரேத அறைக்குப் போயிருக்கும், தன் பிள்ளையா இல்லையா என்று கண்ணால் கண்டிருக்கும் என்று மட்டும் சொன்னாள். மார்கிறட்டுக்கு அதுவரை அது தோன்றவே இல்லை. இரத்தம் கொடுப்பவர்கள் படுக்கும் கட்டிலிலேயே இருந்துவிட்டாள்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள். கண்ணகையின் முகத்தைக் கண்டதும் வாய் பழைய பாட்டையே பாடும். கடைசியில் கண்ணகையே அவளை மூலையில் தள்ளினாள். ஒரு காலை, பன்புல்லில் பின்னிய பையும் சீலைப் பையுமாக வந்து நின்றாள்.

"கண்டிக்குப் போறன் தங்கச்சி. எந்த வாட்டு எண்டு மட்டும் சொல்லுங்க."

வழிநெடுகச் சென்றி. சிங்களம் ஒரு சொல் தெரியாது. ஆமி கொண்டுபோன பொடியனைத் தேடிப்போகும் தாய். மார்கிறட் அவளை இழுத்து, சுவரோரம் கிடந்த வாங்கில் இருத்தி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க அக்கா. அவர் கண்டியில இல்ல. அண்டைக்குப் பின்னேரமே செத்துட்டார்."

கண்ணகை கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. அப்படியென்றால் மறுகா ஏன் தப்பிவிட்டான் என்று சொன்னாய் என்று மெதுவாகக் கேட்டாள். கேட்பவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வது, அவர்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் சொல்வது என்றாள் மார்கிறட்.

"நான் வியாழக்கிழமை வரக்குள்ள புள்ள எங்க கிடந்தான்?"

"மோச்சறியில."

"இந்தச் சுவருக்கு அங்கால?"

"ஓம் அக்கா."

கண்ணகை சுவரைப் பார்த்தாள். அழவில்லை. முகத்தை நீ பார்த்தாயா என்றாள். நான்தான் சேறு துடைத்தேன் என்றாள் மார்கிறட். கண்ணகை சீலைப் பையின் தையலைப் பல்லால் கடித்து அறுத்தாள். உள்ளேயிருந்து, அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படம் ஒன்று வந்தது. சென்றியில் அகப்பட்டால் வில்லங்கம் என்று இத்தனை காலமும் எவருக்கும் காட்டாமல் வைத்திருந்த படம்.

அதைக் கையில் வாங்க மார்கிறட்டுக்குத் தைரியம் வரவில்லை. மாதாவே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பார்த்தாள். ஒடுங்கிய முகம். விடைத்த காதுகள். நாடி வழவழவென்று கூராக இறங்கியிருந்தது. குழி இல்லை. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் இது வேறு ஆள். மார்கிறட்டுக்கு அந்த இடத்திலேயே எழும்பிக் கத்தவேண்டும்போல் சந்தோசம் பொங்கியது.

"இவரில்ல அக்கா. சத்தியமா இவரில்ல. செத்தவருக்கு நாடியில குழி. உங்கட மகன் இல்ல அக்கா அது."

கண்ணகை படத்தைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மார்கிறட்டை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. பிள்ளைகள் பொய் சொல்லும்போது பெற்றவர்கள் பார்ப்பார்களே, அந்த இரக்கம்தான் இருந்தது.

"நீங்க நல்லவங்க தங்கச்சி. என்ட மனம் நோகக்கூடாதெண்டு சொல்றீங்க. அண்டைக்கும் இதே முகத்தோடதான் சொன்னீங்க."

மார்கிறட் வேளாங்கண்ணி மாதாவின் மேல் ஆணையிட்டாள். செத்துப்போன தன் தாயின் மேல் ஆணையிட்டாள். றஸீனாவைக் கூட்டிவந்து சொல்லச் சொன்னாள். சேறு துடைத்த முகத்தை றஸீனா பார்த்திருக்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல அவளுக்கு வராது. எனக்குத் தெரியாது அக்கா என்றாள். கண்ணகை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு, பிள்ளையை எங்கே தாட்டீர்கள் என்று கேட்டாள்.

காட்டித்தான் ஆகவேண்டியிருந்தது. வாவியோரச் சவக்காலையின் கடைசி மூலையில், அடம்பன் கொடி ஏறிய ஒரு மேட்டுக்கு முன்னால் மார்கிறட் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினாள். கண்ணகை குந்தி இருந்து கொடியைப் பிய்த்து எறிந்தாள். பிறகு மண்ணில் முகத்தை வைத்து, தவநேசா, என்ட மனே என்று குரலெடுத்தாள். எவள் பெற்ற பிள்ளையோ, அவன் கேட்டுக்கொண்டு கிடந்தான். உண்மையான தவநேசன் எந்த ஆமிக் காம்பில், எந்தக் குழியில் இருக்கிறானோ. ஒரு நாள் உயிரோடு வந்து படலையைத் திறந்தால், கிரியை முடித்த வீடு அவனைப் பார்த்து என்ன சொல்லும் என்று மார்கிறட் நினைத்தாள். நினைக்க நினைக்க அவளுக்கும் அழுகை வந்தது. அது இல்லை அக்கா, அது உங்கள் பிள்ளை இல்லை என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். கண்ணகை கேட்கவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு கண்ணகை முகத்தில் ஒட்டிய மணலைத் துடைத்தாள்.

"சாகக்குள்ள நோவு பட்டவனா?"

மார்கிறட்டின் காதுக்குள் அந்த மத்தியானத்துக் கத்தல் முழுதும் கேட்டது.

"இல்ல அக்கா. நித்திரை கொள்ற மாதிரித்தான் போனார்."

கண்ணகை பெருமூச்சு விட்டு, மார்கிறட்டின் கையைத் தடவிக்கொடுத்தாள். அதை அவள் நம்பினாள்.